எஃப்.சி. காட்டுவது எப்படி, எங்கே? கடலூர் வாகன உரிமையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டி, பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் சுமக்கும் லாரி, மஞ்சக்குப்பத்தில் சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோ, பள்ளி வேன், வீட்டு வாசலில் நிற்கும் பழைய மாருதி கார் என எல்லா வண்டிகளுக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று தேவைப்படுகிறது. அதைப் பற்றி வண்டி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் பெற்றோர்களும் கேட்கும் கேள்விகளுக்கு, புதுச்சேரி எல்லையை ஒட்டி வாழ்வதால் இப்பகுதியில் எழும் சிக்கல்களையும் சேர்த்து, இங்கே விடை தரப்படுகிறது.

எஃப்.சி. என்பது எல்லா வண்டிகளுக்கும் கட்டாயமா?

வாடகைக்கோ தொழிலுக்கோ ஓடும் வண்டிகளுக்கு, அதாவது நாம் டீ-போர்டு என்று சொல்லும் லாரி, பேருந்து, ஆட்டோ, டாக்சி, சரக்கு வண்டி ஆகியவற்றுக்கும் பள்ளி வாகனங்களுக்கும் முதல் நாளிலிருந்தே கட்டாயம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 56ஆம் பிரிவில், தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனத்தைச் செல்லத்தக்க பதிவு உடையதாகக் கருத முடியாது என்று கூறுகிறது. ஆர்.சி. புக் என்னும் பதிவுச் சான்று கையில் இருந்தாலும், எஃப்.சி. முடிந்த மறுநாளே அந்த வண்டி சட்டத்தின் கண்ணில் பதிவில்லாத வண்டிதான். பலரும் இதை ஏதோ ஒரு கூடுதல் காகிதம் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் வண்டி சாலையில் இறங்குவதற்கான உரிமையே அதில்தான் நிற்கிறது.

சொந்தப் பயன்பாட்டுக் கார், இருசக்கர வாகனம் ஆகியவற்றுக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியை ஆய்வுக்குக் கொண்டுசென்று தகுதியை உறுதி செய்ய வேண்டும். புதுப்பித்த பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு மீண்டும் அதே நடைமுறை. புதுப்பிப்பதற்கான 25ஆம் எண் படிவத்தைப் பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் அளிக்கலாம்.

போக்குவரத்து வாகனங்களுக்கு எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு?

புதிய வண்டிக்கு முதல் 2 ஆண்டுகள். வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை. 8 ஆண்டுகளைக் கடந்துவிட்டால் ஆண்டுதோறும். பேட்டரியில் ஓடும் வாடகை வாகனங்களுக்குப் புகைச் சோதனை கிடையாதே தவிர, தகுதி ஆய்வு உண்டு.

கடலூர் மாவட்டத்தில் வண்டியை எங்கே காட்ட வேண்டும்?

முதலில் உங்கள் ஆர்.சி.யில் எந்தப் பதிவு அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். டி.என். 31 என்று தொடங்கும் வண்டிகள் கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைச் சேர்ந்தவை, சிதம்பரத்துக்கு டி.என். 91. இவை தவிர பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் ஆகிய ஊர்களில் மோட்டார் வாகன ஆய்வாளரின் பகுதி அலுவலகங்கள் உள்ளன. நெல்லிக்குப்பத்துக்காரர் கடலூருக்கு வருவதும், மந்தாரக்குப்பத்துக்காரர் நெய்வேலிக்குப் போவதும் இந்த எல்லைப் பிரிவின்படிதான்.

அலுவலகத்தைத் தேடி அலைவதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஒன்றிய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வாகனச் சேவைகள் பகுதிக்குள் சென்று உங்கள் பதிவெண்ணை இட்டால், வண்டி எந்த அலுவலகத்தின் கீழ் இருக்கிறது என்பதை அதுவே காட்டிவிடும். ஆய்வுக்கான நாளையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். அலுவலகத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும், வண்டிகளை நிறுத்தி ஆய்வு செய்யும் திடல் வேறிடத்தில் இருக்கக்கூடும் என்பதால், நாள் உறுதியானதும் இடத்தைத் தொலைபேசியிலோ நேரிலோ ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. லாரியோடு தவறான இடத்தில் போய் நின்றால் ஒரு நாள் வருமானம் போய்விடும்.

என் கார் புதுச்சேரி பதிவெண் கொண்டது. ஆனால் நான் கடலூரில் குடியிருக்கிறேன். எங்கே போவது?

இப்பகுதியில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ரெட்டிச்சாவடியைத் தாண்டினால் புதுச்சேரி; கன்னியக்கோயிலில் வேலை, மஞ்சக்குப்பத்தில் வீடு என்று வாழ்பவர்கள் ஏராளம். பி.ஒய். 01 புதுச்சேரி அலுவலகத்தையும், பி.ஒய். 05 உழவர்கரை அலுவலகத்தையும், பி.ஒய். 02 காரைக்காலையும் சேர்ந்தவை.

சட்டப்படி முறையாகப் பெற்ற தகுதிச் சான்று இந்தியா முழுவதும் செல்லும். ஆகவே புதுச்சேரியில் எஃப்.சி. பெற்ற டாக்சியைக் கடலூரில் நிறுத்தி, "இங்கே மறுபடியும் காட்டுங்கள்" என்று எவரும் கேட்க முடியாது; அனுமதிச் சீட்டும் வரியும் வேறு விஷயம். ஆனால் ஒரு வண்டி பதிவான மாநிலத்தை விட்டு வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்பட்டால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்று 47ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முதலில் புதுச்சேரி அலுவலகத்தில் 28ஆம் எண் படிவத்தின் வழியே தடையில்லாச் சான்று பெற்று, அதன் பின் கடலூரில் வரி கட்டி, பதிவை மாற்ற வேண்டும்.

15 ஆண்டுகள் நிறைவடையப் போகும் பி.ஒய். காரை வைத்துக்கொண்டு கடலூரில் நிலையாகக் குடியிருப்பவர்கள், பதிவு முடிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இந்த மாற்றத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே என் அழுத்தமான கருத்து. பதிவு காலாவதியான பின் தடையில்லாச் சான்றுக்கு அங்கும், புதுப்பிப்புக்கு இங்கும் என இரு அலுவலகங்களுக்கிடையே அல்லாடும் குடும்பங்களின் தொல்லை தவிர்க்கக் கூடியது. பழைய பி.ஒய். வண்டியை வாங்கப் போகிறவரும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவு எந்த நாளோடு முடிகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

விண்ணப்பிக்கும் முறையும் தேவையான ஆவணங்களும் என்ன?

பரிவாஹன் தளத்தில் பதிவெண்ணையும், வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுத்தால், ஆர்.சி.யோடு இணைந்த கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவு எண் வரும். பழைய வண்டிகளில் முந்தைய உரிமையாளரின் எண்ணோ, எப்போதோ கைவிட்ட எண்ணோ இருப்பதால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கைப்பேசி எண்ணை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். கட்டணத்தைச் செலுத்தி, நாளைத் தேர்ந்தெடுத்து, ரசீதை அச்செடுத்து வண்டியோடு செல்ல வேண்டும்.

ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி செலுத்திய விவரம், டீ-போர்டு வண்டியானால் அனுமதிச் சீட்டு ஆகியவை கட்டாயம். வண்டியின் வகையைப் பொறுத்து வேகக் கட்டுப்பாட்டுக் கருவிச் சான்று, ஒளிர் பட்டைச் சான்று, பயணிகள் வண்டிக்கு இருப்பிடம் காட்டும் கருவியின் சான்று ஆகியவற்றையும் கேட்பார்கள். சி.என்.ஜி. ஆட்டோ என்றால், 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சிலிண்டர் அழுத்தச் சோதனையின் தேதி கடந்துவிடவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியில்லாமல் காகிதத்தை மட்டும் வைத்து முடித்துத் தருவதாகச் சொல்லும் புரோக்கரை நம்பாதீர்கள். வண்டி ஆய்வாளரின் முன் நின்றாக வேண்டும் என்பதுதான் இந்தச் சான்றின் பொருளே.

ஆய்வில் எதையெல்லாம் பார்க்கிறார்கள்?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 62ஆம் விதி ஒரு பட்டியலைத் தருகிறது: பிரேக், ஸ்டியரிங், முகப்பு விளக்கின் ஒளி விழும் கோணம், மற்ற விளக்குகள், பிரதிபலிப்பான்கள், பின்னோக்குக் கண்ணாடி, பாதுகாப்புக் கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், வேகமானி, புகை ஆகியவை அதில் அடங்கும். மோட்டார் வாகன ஆய்வாளரைப் பழைய தலைமுறையினர் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கிறார்கள்.

பிரேக் மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்பதே முதல் கவனம். இடப்பக்கச் சக்கரத்தின் லைனிங் புதிதாகவும் வலப்பக்கம் தேய்ந்தும் இருந்தால் வண்டி நேராக நிற்காது; மழைநாளில் கடலூர்–சிதம்பரம் சாலையில் அது உயிரோடு விளையாடுவது. ஆகவே லைனிங் மாற்றும்போது ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்றும்படி பட்டறையில் வற்புறுத்துங்கள். கைப் பிரேக்கைப் பலர் சரிசெய்வதே இல்லை. மேட்டில் நிறுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

டயரில் பட்டன் ஆழம், அதாவது பள்ளங்களின் ஆழம், கார், லாரி, பேருந்துகளுக்கு 1.6 மில்லிமீட்டருக்கும், இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டருக்கும் குறையக் கூடாது. டயரின் பள்ளங்களுக்குள் சிறிய மேடாக ஒரு தேய்மானக் குறி இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது.

கூடுதலாக மாட்டிய பொருட்களால் தோற்கும் வண்டிகளும் உண்டு. பல ராகத்தில் ஒலிக்கும் ஏர் ஹாரன், கண்ணைப் பறிக்கும் கூடுதல் விளக்கு, பாடியை உயர்த்திக் கட்டிய தடுப்பு ஆகியவற்றைக் கழற்றிவிட்டே வர வேண்டும். கண்ணாடியைப் பொறுத்தவரை முன்னும் பின்னும் 70 சதவீதமும் பக்கவாட்டில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும். லாரிக்கு முன்னே வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னே சிவப்பு ஒளிர் பட்டைகள் முழுமையாக இருக்க வேண்டும். கரும்பு ஏற்றி நெல்லிக்குப்பம் ஆலைக்கு இரவில் வரும் டிரெய்லர்களில் இந்தப் பட்டை கிழிந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், பின்னால் பைக்கில் வருபவரை நினைத்து மனம் பதறுகிறது. ஆய்வுக்காகக் காத்திராமல் அதை இன்றே ஒட்டிவிடலாம்.

கடற்காற்றில் துருப்பிடித்த வண்டிக்கு என்ன தனிக் கவனம் வேண்டும்?

தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, முதுநகர் பகுதிகளில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்றே முதல் பகை. மீன் வண்டிகளுக்கு இது இருமடங்கு. ஐஸ் உருகி வடியும் உப்பு நீர் தளத்தின் பலகைக்கடியில் தேங்கி, சேசிஸின் குறுக்குச் சட்டங்களை உள்ளிருந்து அரிக்கிறது. மேலே புதிதாக அடித்த பெயிண்ட் பளபளக்கும்; அடியில் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினால் உலோக ஓசைக்குப் பதிலாக மொத்தென்று ஒலித்து, செதில் செதிலாகத் துரு உதிரும். அந்த இடத்தை டிங்கரிங் பட்டறையில் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பட்டி பூசி மறைப்பது ஆபத்து.

இன்னொன்று, சேசிஸ் எண். ஆய்வின்போது அந்த எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்கள், எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கும் வழக்கமும் இருக்கிறது. துரு மூடி எண் தெரியாமல் போனால் வண்டி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் சான்று நின்றுவிடும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் மெதுவாகத் துடைத்து, கிரீஸ் தடவி வையுங்கள். அரத்தையோ கிரைண்டரையோ ஒருபோதும் அங்கே வைக்காதீர்கள்; எண்ணைத் திருத்தியதாக ஐயம் எழுந்தால் அது பெரிய வழக்காகிவிடும்.

எஃப்.சி. நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டலாமா?

இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். செய்யக் கூடாது. சான்று ஆய்வு நாளன்று வண்டி இருந்த நிலையைத்தான் சொல்கிறது. மறுநாள் பழைய டயரை மாட்டி ஓட்டினால் அந்தத் தாள் டயர் வெடிப்பதைத் தடுக்காது. வண்டி விதிகளுக்கு ஏற்ற நிலையில் இல்லை என்று கண்டால், காரணத்தை எழுத்தில் பதிந்து, நடப்பிலுள்ள சான்றையே ரத்து செய்யும் அதிகாரமும் 56ஆம் பிரிவில் இருக்கிறது.

கட்டணம் எவ்வளவு?

வண்டியின் வகையையும் வயதையும் பொறுத்து மாறும். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிகளின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகவும், காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தம், 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு இதை முறையே 2,000 ரூபாயாகவும் 10,000 ரூபாயாகவும் ஆக்கியது. இதற்கு மேல் தமிழ்நாட்டில் பழைய வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு. கட்ட வேண்டிய தொகையைப் பரிவாஹன் தளமே கணக்கிட்டுக் காட்டும். அதில் இல்லாத எந்தத் தொகைக்கும் ரசீது கேளுங்கள்.

புகைச் சான்று இருந்தால் போதாதா?

போதாது. புகைச் சான்று வண்டி வெளியேற்றும் புகையை மட்டும் அளக்கிறது. பேட்டரி வண்டிகள் தவிர, பதிவாகி ஓராண்டு முடிந்த எல்லா மோட்டார் வண்டிகளுக்கும், சொந்த வண்டி உட்பட, அது வேண்டும், பி.எஸ். 4, பி.எஸ். 6 என்னும் புகைத் தரநிலைகளில் வந்த வண்டிகளுக்கு ஓராண்டும், அதற்கு முந்தையவற்றுக்கு 6 மாதமும் செல்லும். எஃப்.சி.க்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.

ஆய்வில் வண்டி தோற்றுவிட்டால்?

குறைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைப் பட்டறையில் காட்டிச் சரிசெய்து, மறு ஆய்வுக்குக் கொண்டுவரலாம். மறுப்பு நியாயமற்றது என்று கருதினால், உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யும் உரிமை 57ஆம் பிரிவில் உண்டு. குறை உண்மையானதாக இருந்தால் மேல்முறையீட்டில் செலவிடும் நாட்களைப் பட்டறையில் செலவிடுவதே அறிவு.

தானியங்கிச் சோதனை நிலையம் என்கிறார்களே, அது என்ன?

ஆய்வாளர் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதற்குப் பதிலாக, கருவிகள் அளந்து முடிவைப் பதிவு செய்யும் நிலையம் அது. இதற்கான விதிகளை ஒன்றிய அரசு 2021 செப்டம்பரில் வெளியிட்டது. சக்கரங்களை உருளைகளின் மீது நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியே அளப்பார்கள். விளக்கின் கோணம், புகை, ஒலி அளவு, சக்கரம் பக்கவாட்டில் நழுவும் அளவு ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கருவிகள் உண்டு. உங்கள் பதிவு அலுவலகத்தின் எல்லைக்குள் அப்படியொரு நிலையம் செயல்பட்டால், நாள் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் அதன் பெயர் வரும்.

இம்முறையில் முதல் ஆய்விலும் மறு ஆய்விலும் தோற்ற வண்டி ஆயுள் முடிந்த வாகனமாகக் கருதப்படும். அதைப் பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்றால், புதிய வண்டியின் சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரையும், போக்குவரத்து வண்டிக்கு 15 சதவீதம் வரையும் சலுகை தர ஒன்றிய விதிகள் இடமளிக்கின்றன. பழைய இரும்புக் கடையில் போட்டால் இது கிடைக்காது. பதிவும் உங்கள் பெயரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

சான்று முடிந்த பிறகு ஓட்டினால் என்ன ஆகும்?

192ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் பிடிபட்டால் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

விபத்து நேர்ந்தால் நிலைமை இதைவிடக் கடுமை. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, அத்தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்ட வழக்குகள் உண்டு. பல லட்சம் ரூபாய் இழப்பீடு ஓர் ஒற்றை ஆட்டோ உரிமையாளரின் தலையில் விழுந்தால் வீடும் நிலமும் போய்விடும்.

பள்ளி வாகனங்களுக்குத் தனி விதி இருக்கிறதா?

இருக்கிறது. 2012 ஜூலையில் சென்னைக்கு அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தார். அதன் பின் அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. மஞ்சள் வண்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, உதவியாளர் எனப் பல கட்டாயங்கள் அதில் உள்ளன. கோடை விடுமுறையில் பள்ளி திறப்பதற்கு முன் மாவட்டம்தோறும் அதிகாரிகள் கூட்டாக ஆய்வு நடத்துகிறார்கள்.

பெற்றோர்கள் இதை அலுவலர்களின் வேலை என்று விட்டுவிட வேண்டாம். குழந்தையை ஏற்றிவிடும்போது தளத்தையும் படியையும் அவசரக் கதவின் தாழ்ப்பாளையும் ஒருமுறை பாருங்கள். குறை கண்டால் பள்ளி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை ஆய்வுக்கு முன் எப்படித் தயார் செய்வது?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை ஆற்றில் வந்த வெள்ளத்தில் கடலூர்ப் பகுதியில் பல குடியிருப்புகள் மூழ்கின. சக்கர மட்டத்துக்கு மேல் தண்ணீரில் நின்ற வண்டி ஓடுகிறது என்பதாலேயே நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. பிரேக் டிரம்மைக் கழற்றிச் சேற்றைத் துடைத்து, பேரிங்கில் கிரீஸ் மாற்றி, பிரேக் ஆயிலைப் புதிதாக ஊற்ற வேண்டும். வயர் இணைப்புகளில் பச்சை படிந்திருந்தால் விளக்கும் ஹாரனும் பட்டறையில் வேலை செய்து, திடலுக்கு வந்ததும் நின்றுபோகும். இணைப்புகளைப் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

நான் வாடகைக்கு அமர்த்தும் வண்டியின் எஃப்.சி. நடப்பில் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

லாரி, வேன், பள்ளிப் பேருந்துகளின் பக்கவாட்டில் எஃப்.சி. முடியும் தேதி பெயிண்டால் எழுதப்பட்டிருக்கும். அது அழிந்திருந்தாலோ ஐயமாக இருந்தாலோ, எம்-பரிவாஹன் செயலியில் பதிவெண்ணை இட்டால் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை எந்த நாள் வரை செல்லும் என்பதைக் காட்டும். திருமணத்துக்கோ கோயில் பயணத்துக்கோ வேன் பேசும்போது, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவெண்ணைக் கேட்டு வாங்கி இதைப் பார்த்துவிடலாம். பதிவெண்ணைத் தரத் தயங்குபவரிடம் வண்டி பேச வேண்டியதில்லை.